தயங்கத் தெரிந்த மின்சுற்று

மோட்டார் வண்டியின் எஞ்சினில், பிஸ்டன்கள் ஏறி இறங்குவதைச் சுழற்சியாக மாற்றித் தரும் கிராங்க் தண்டின் முனையில் பற்கள் வெட்டப்பட்ட இரும்புச் சக்கரம் ஒன்று சுழன்றுகொண்டிருக்க, அதற்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தூரத்தில், நிலைக்காந்தம் ஒன்றின்மீது சுற்றப்பட்ட கம்பிச்சுருள் அசைவின்றி நிற்கிறது. பல் ஒன்று நெருங்கும்போது சுருளினூடே செல்லும் காந்தப் புலம் செறிகிறது, விலகும்போது நெகிழ்கிறது. புலம் இவ்வாறு மாறினால் கம்பியில் மின்னழுத்தம் பிறக்கும் என்பதை 1831-ஆம் ஆண்டிலேயே மைக்கேல் ஃபாரடே கண்டு சொல்லிவிட்டார். பல்லுக்கு ஓர் அலையாக எழும் இந்த மின்னழுத்தத்தை எண்ணித்தான், எந்தக் கணத்தில் எரிபொருளைப் பீய்ச்ச வேண்டும், எந்தக் கணத்தில் தீப்பொறி பறக்க வேண்டும் என்பதையெல்லாம் வண்டிக்குள் இருக்கும் சிறு கணிப்பொறி நிர்ணயிக்கிறது. பல வண்டிகளில் இச்சக்கரம் 60 பற்களுக்கு இடம் வகுக்கப்பட்டு, அவற்றில் அடுத்தடுத்த இரண்டு மட்டும் நீக்கப்பட்டு, 58 பற்களோடு அமைந்திருக்கிறது. அந்த வெற்றிடம் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை வருவதால், தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை அறிய அதுவே பிரமாணம்.

அதே ஃபாரடே விதியினால்தான் சங்கடமும் விளைகிறது. சுருளில் பிறக்கும் மின்னழுத்தம், புலம் எவ்வளவு மாறுகிறது என்பதை மட்டுமன்றி எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதையும் பொறுத்ததாகையால், சாவியைத் திருகியதும் ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினை நிமிடத்துக்கு 200 சுற்று வேகத்தில் திணறித் திணறிச் சுழற்றும்போது அரை வோல்ட் உயரமே எழும்பும் அலை, எஞ்சின் 6,000 சுற்றை எட்டும்போது அதே கணக்கில் முப்பது மடங்காகி 15 வோல்ட்டுக்கு உயர்ந்துவிடுகிறது; சுருளும் இடைவெளியும் அமைந்திருக்கும் விதத்தைப் பொறுத்துச் சிலவற்றில் 100 வோல்ட்டையும் தாண்டுவதுண்டு. வினாடிக்கு 200 அலையாக இருந்தது 6,000 அலையாகப் பெருகுவதும் ஏககாலத்தில் நிகழ்கிறது. கணிப்பொறியோ இந்த ஏற்றத்தாழ்வு எதையும் அறிய விரும்புவதில்லை. தன்னிடம் வரும் சமிக்ஞை ஒன்று 0 வோல்ட்டாக இருக்க வேண்டும், இல்லையேல் 5 வோல்ட்டாக இருக்க வேண்டும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது நடுவழியில் தங்காமல் தாவ வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. எவ்வகை அலை வந்தாலும் அதனை இந்தச் சதுர அலையாக உருமாற்றித் தரும் இடைநிலைச் சுற்றை வகுப்பது, பார்வைக்கு எளிதாகவும் செய்கையில் நுட்பமாகவும் இருக்கும் வேலைகளுள் ஒன்று.

கிராங்க் தண்டின் அலை இப்பிரச்சினையின் கடினமான உருவமே தவிர, பிரச்சினை அதற்கு மட்டும் உரியதன்று. பரிசோதனைச்சாலையில் அலைவெண் எண்ணும் கருவியைச் செய்ய முற்படுகிறவர், அதன் வாயிலில் ஒருவர் சைன் அலையையும், இன்னொருவர் மைக்ரோபோனின் சில மில்லிவோல்ட் சமிக்ஞையையும், வேறொருவர் 12 வோல்ட்டுக்கும் தரைக்கும் இடையே தாவும் ஹால் சென்ஸரின் துடிப்பையும் கொண்டுவந்து பொருத்துவார் என்பதை எதிர்பார்த்தே திட்டமிட வேண்டியிருக்கிறது. வீட்டு மின்சாரத்தின் 50 சுழற்சியை எண்ண விரும்புகிறவரும் உண்டு. 230 வோல்ட் என்று பெயர் பெற்ற அந்த அலையின் உச்சி உண்மையில் 325 வோல்ட் ஆகையால், அதனை நேரே எந்தச் சுற்றிலும் இணைக்கக்கூடாது, ஒளியின் மூலம் தகவலைக் கடத்தும் ஆப்டோகப்ளர் ஒன்றை இடையில் வைத்தே தீர வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு, அதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

0, 5 என்று மேலே குறிப்பிட்டதும் முழு உண்மையன்று. 1960-களில் பரவி, எண்முறை மின்னணுவியலின் இலக்கணத்தையே ஒரு தலைமுறைக்கு வகுத்துக் கொடுத்த டி.டி.எல். வகை ஐ.சி.களில், உள்ளே வரும் அழுத்தம் 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் பூஜ்யம் என்றும், 2 வோல்ட்டுக்கு மேலே இருந்தால் ஒன்று என்றும் கொள்வது வழக்கம். வெளியே அனுப்பும்போது மட்டும், வழியில் சேரும் மாசுக்கு இடம் விட்டு, பூஜ்யத்தை 0.4 வோல்ட்டுக்கு உள்ளேயும் ஒன்றை 2.4 வோல்ட்டுக்கு மேலேயும் வைத்துக்கொள்வதாக அவை உத்தரவாதம் தருகின்றன. இருதரப்பிலும் 0.4 வோல்ட் பாதுகாப்பு இவ்வாறு கிடைக்கிறது. ஆனால் 0.8-க்கும் 2-க்கும் இடைப்பட்ட பிரதேசத்தில் என்ன நேரும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. அங்கே மெல்ல நடக்கிற சமிக்ஞையைக் கண்டால், தர்க்கச் சுற்றாக இருக்க வேண்டிய ஐ.சி. தன் தர்மத்தை மறந்து பெருக்கியாக நடந்துகொள்கிறது. சில சமயம் தானே அலையத் தொடங்கிவிடுகிறது. பின்னாளில் வந்த 74எச்.சி. வகை சாதாரண ஐ.சி.களுக்கு, 4.5 வோல்ட்டில் இயங்கும்போது, உள்ளே வரும் விளிம்பு 500 நானோ வினாடிக்குள் ஏறி முடிய வேண்டும் என்ற வரம்பே விதிக்கப்பட்டிருக்கிறது. ஆகையால் அழுத்தத்தின் அளவு சரியாக இருந்தால் போதாது, விளிம்பின் வேகமும் சரியாக இருக்க வேண்டும்.

இவ்வேலையில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு உடனே தோன்றும் யுக்தி, அலையை எவ்வளவு முடியுமோ அவ்வளவு பெருக்கி, மேலும் கீழும் நறுக்கிவிடுவது. சைன் அலையை ஆயிரம் மடங்கு பெருக்கி 5 வோல்ட் எல்லைக்குள் அடைத்தால் கிடைப்பது ஏறத்தாழச் சதுரமாகத்தானே இருக்கும்? ஒரே ஒரு டிரான்சிஸ்டர்கூட இதை ஓரளவு செய்து கொடுக்கும்; அதன் பேஸ் 0.6 வோல்ட்டைத் தாண்டியதும் கலெக்டர் கீழே விழுகிறது, தாண்டாதவரை 5 வோல்ட்டில் நிற்கிறது. சமிக்ஞை பெரிதாகவும் சுத்தமாகவும் இருந்தால் அதற்கு மேல் செலவழிப்பது அநாவசியம் என்பதே என் அபிப்பிராயம். அலை எதிர்த் திசையில் 5, 6 வோல்ட்டுக்கு இறங்கினால் பேஸ் சந்தி உடைந்துபோகும் என்பதை நினைவில் வைத்து, தலைகீழாக ஒரு டயோடை மட்டும் குறுக்கே போட்டுவிட்டால் போதும். இன்னும் துல்லியமாகச் செய்ய வேண்டுமென்றால் கம்பரேட்டர் இருக்கிறது. தனக்கு வரும் இரண்டு அழுத்தங்களில் எது பெரிது என்ற ஒரே கேள்விக்கு மட்டும் விடை சொல்வதற்காகப் பிறந்த இந்த ஐ.சி., எல்.எம். 311 என்ற பெயரில் வரும் பிரசித்தமான வகையில், 200 நானோ வினாடிக்குள் தன் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது.

இந்தச் சுறுசுறுப்பே வினையாக முடிவது எப்படி என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்க்கலாம். 1 வோல்ட் உயரமுள்ள, வினாடிக்கு 50 சுழற்சி கொண்ட சைன் அலை, பூஜ்யக் கோட்டைக் கடக்கும் இடத்திலேதான் அதிக வேகத்தில் ஏறுகிறது. அந்த வேகமும் வினாடிக்கு 314 வோல்ட்தான். அதன்மேல் 10 மில்லிவோல்ட் அகலத்துக்கு இரைச்சல் படிந்திருக்கிறது என்று கொண்டால், அலை அந்த இரைச்சல் பட்டையைக் கடந்து முடிக்க ஏறக்குறைய 32 மைக்ரோ வினாடி ஆகிறது. நமக்கு அது கண்மூடித் திறப்பதிலும் மிகச் சிறிய பொழுது; 0.2 மைக்ரோ வினாடியில் தீர்ப்புச் சொல்லும் கம்பரேட்டருக்கோ நூறு தடவைக்கு மேல் மனம் மாறப் போதுமான அவகாசம். அந்த அவகாசத்தில் இரைச்சல் கோட்டுக்கு மேலும் கீழும் எத்தனை முறை துள்ளுகிறதோ அத்தனை முறையும் வெளியீடு தாவித் திரும்புகிறது. ஒரு பல் கடந்த இடத்தில் ஏழு பல், எட்டுப் பல் கடந்ததாகக் கணிப்பொறி எண்ணிக்கொள்கிறது. பெருக்கத்தை இன்னும் கூட்டினால் இரைச்சலும் உடன் பெருகுமே தவிர, கூடுதல் நன்மை ஒன்றும் இல்லை. கருவியின் கூர்மையைக் குறை சொல்ல நியாயமில்லை. கோடு ஒன்றே ஒன்றாக இருப்பதுதான் குற்றம்.

இதற்குப் பரிகாரம், கோட்டை இரண்டாக்குவது. கீழிருந்து ஏறி வருகிற அலை மேல்கோட்டைத் தாண்டினால்தான் வெளியீடு மாறும்; மாறிய பிறகு, அலை மேல்கோட்டுக்குக் கீழே சறுக்கினாலும் பொருட்படுத்தாமல், கீழ்க்கோட்டையும் கடந்து இறங்கினால்தான் மறுபடி மாறும். வீட்டுச் சுவரில் இருக்கும் விளக்குச் சுவிட்சை மெல்ல மெல்ல அழுத்திப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஓர் இடம் வரைக்கும் அசையாதிருந்து, திடீரென்று மறுபுறம் சாய்ந்துவிடுகிற அது, விரலைச் சிறிது பின்வாங்கினால் திரும்பி வந்துவிடுவதில்லை. பள்ளிக்கூடப் பௌதிகத்தில் காந்தத் தயக்கம் என்று படித்தோமே, அதே தயக்கம் இங்கே மின்சுற்றின் குணமாகக் குடியேறுகிறது.

இந்தக் குணத்தை மின்சுற்றுக்கு ஊட்டியவர் ஆட்டோ ஷ்மிட் என்ற அமெரிக்கர். 1913-இல் பிறந்த அவர் 1934-ஆம் ஆண்டில், பட்டமேற்படிப்பு மாணவராக இருந்தபோது, கடலில் வாழும் கணவாயின் நரம்புகளில் துடிப்பு எவ்வாறு ஓடுகிறது என்பதை ஆராய்ந்துகொண்டிருந்தார். நரம்பின் இயல்பு விசித்திரமானது. தூண்டுதல் ஓர் அளவுக்குக் குறைந்தால் அது முற்றிலும் மௌனமாக இருக்கிறது, அந்த அளவைத் தாண்டினாலோ முழுத் துடிப்பையும் அனுப்பிவிடுகிறது. பாதித் துடிப்பு என்பதே அதனிடம் இல்லை. அந்த ஆராய்ச்சியின் பயனாக, வெற்றிடக் குழாய்களைக் கொண்டு அவர் அமைத்த சுற்று, வெளியீட்டில் ஒரு பங்கை உள்வாயிலுக்கே திருப்பி அனுப்பி, தொடங்கிய மாற்றத்தைத் தானே ஊக்கி முடித்துவைத்தது. 1938-இல் அதைப் பற்றிய கட்டுரை வெளியாயிற்று. வெற்றிடக் குழாய் போய் டிரான்சிஸ்டர் வந்து, டிரான்சிஸ்டர் ஐ.சி.க்குள் மறைந்த பின்பும் ஷ்மிட் டிரிக்கர் என்ற பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. 7414 என்ற எண்ணுள்ள ஐ.சி. ஒன்றில் இத்தகைய சுற்றுகள் ஆறு அடங்கியிருக்கின்றன, 1.7 வோல்ட்டில் ஏறி 0.9 வோல்ட்டில் இறங்கும் அவற்றுக்கு நடுவே 0.8 வோல்ட் தயக்கம் இருக்கிறது. பொத்தானை அழுத்தும்போது உலோகத் தொடுவாய்கள் சில மில்லி வினாடிகளுக்குத் துள்ளுமே, அந்தத் துள்ளலை ஒரு ரெசிஸ்டராலும் கெபாசிட்டராலும் மழுக்கிவிட்டு இதனிடம் கொடுத்தால் ஒரே விளிம்பாக்கித் தந்துவிடும். இத்தகைய சில்லறை வேலைகளுக்கு இதைவிட மலிவான உபாயம் கிடையாது.

இரண்டு கோடுகளையும் நாமே தீர்மானிக்க விரும்பினால் கம்பரேட்டருக்குத் திரும்ப வேண்டும். எதிர் உள்வாயிலில் 2.5 வோல்ட்டை நிலையாக நிறுத்தி, சுருளின் ஒரு முனையையும் அதே 2.5 வோல்ட்டில் கட்டிவைத்து, மறுமுனையிலிருந்து வரும் சமிக்ஞையை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக நேர் உள்வாயிலுக்குக் கொண்டுவந்து, வெளியீட்டிலிருந்து 100 கிலோ ஓம் வழியாக அதே உள்வாயிலுக்கு ஒரு பங்கைத் திருப்பிவிட்டால், இரு கோடுகளுக்கும் இடைவெளி, வெளியீடு தாவும் 5 வோல்ட்டை 10-க்கு 100 என்ற விகிதத்தால் பெருக்கிய அளவு, அதாவது 0.5 வோல்ட். நடுவிலிருந்து மேலே 0.25, கீழே 0.25. 100 கிலோ ஓமுக்குப் பதிலாக 1 மெகா ஓமைப் போட்டால் இடைவெளி பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. எவ்வளவு இடைவெளி உசிதம்? வரக்கூடிய இரைச்சலைவிட அகலமாகவும், வரக்கூடிய மிகச் சிறிய அலையின் உச்சிக்கும் அடிக்கும் உள்ள தூரத்தைவிடக் குறுகலாகவும் இருக்க வேண்டும் என்பது ஒன்றே விதி. இந்த இரண்டு எல்லைகளையும் அளந்து பார்க்காமல், புத்தகத்தில் கண்ட ரெசிஸ்டர்களை அப்படியே போட்டுவிட்டுச் சுற்றின்மேல் பழி சுமத்துகிறவர்களைக் கண்டால் எனக்குச் சலிப்பே உண்டாகிறது.

தீர்மானம் செய்யும் இடத்துக்கு வருமுன் சமிக்ஞை கடக்க வேண்டிய வாயில் ஒன்று உண்டு. சுற்றுகள் இறப்பது பெரும்பாலும் அங்கேதான். 5 வோல்ட்டில் இயங்கும் ஐ.சி.யின் உள்வாயில் அதற்குமேல் அரை வோல்ட்டைக்கூடப் பொறுப்பதில்லை. நம்மிடம் வரும் அலையோ 100 வோல்ட்டையும் தாண்டக்கூடும். வழக்கமான காப்பு, வரிசையில் ஒரு ரெசிஸ்டரும், அதன் பின்னே 5 வோல்ட்டை நோக்கி ஒரு டயோடும், தரையை நோக்கி ஒரு டயோடும். 22 கிலோ ஓம் போட்டு 120 வோல்ட் வந்துவிட்டால் ஏறத்தாழ 5 மில்லி ஆம்பியர் பாய்கிறது, ரெசிஸ்டர் 0.6 வாட் வெப்பத்தை விழுங்க வேண்டியிருக்கிறது. கடையில் கிடைக்கும் கால் வாட் ரெசிஸ்டர் கருகிவிடும். 100 கிலோ ஓமாக உயர்த்தினால் வெப்பம் 0.13 வாட்டாகக் குறைந்து சௌகரியமாகிவிடுகிறது, ஆனால் இந்த 100 கிலோ ஓமும் முன்னே சொன்ன 10 கிலோ ஓமோடு சேர்ந்துகொள்ளும் என்பதால், தயக்கத்தின் இடைவெளியைத் திரும்பக் கணக்கிட்டு, வெளியீட்டிலிருந்து வரும் ரெசிஸ்டரையும் அதே விகிதத்தில் உயர்த்த வேண்டும். மேல் டயோடு வழியாகத் தள்ளப்படும் மின்னோட்டம் 5 வோல்ட் தடத்துக்குள்தான் போய்ச் சேருகிறது. சுற்று முழுவதும் ஒரு மில்லி ஆம்பியரே உண்ணும் இடத்தில் ஐந்து மில்லி ஆம்பியரைத் திணித்தால், 5 வோல்ட்டாக இருக்க வேண்டிய தடம் மேலே ஏறி, காப்பாற்ற வந்த டயோடே எல்லாவற்றுக்கும் எமனாகிவிடுகிறது. தடத்துக்குக் குறுக்கே ஸெனர் டயோடு ஒன்றை வைத்துவிட்டால் இந்த அபாயம் நீங்கும்.

நிலையான அழுத்தம் ஒன்றின்மேல் சவாரி செய்துவரும் அலைகளை இறக்கி எடுக்கக் கெபாசிட்டரை வைப்பதும் வழக்கம், 0.1 மைக்ரோ ஃபாரடும் 100 கிலோ ஓமும் சேர்ந்தால் வினாடிக்குப் 16 சுழற்சிக்கு மேற்பட்டவற்றைத் தாராளமாக விடும். சைன் அலைக்கு இது உத்தமமானது. ஒடுங்கிய துடிப்புகளுக்கோ விபரீதமாக முடியலாம். நூற்றில் 99 பங்கு நேரம் 12 வோல்ட்டில் நின்று ஒரு பங்கு நேரம் மட்டும் தரையைத் தொடும் சமிக்ஞை கெபாசிட்டரைக் கடந்தால், மேற்புறம் 0.12 வோல்ட்டே மிஞ்சுகிறது, 0.25-இல் கிடக்கும் நமது மேல்கோட்டை அது ஒருநாளும் எட்டப்போவதில்லை. ஹால் சென்ஸர்களை நேரே இணைப்பதே மேல்.

இனி எஞ்சினுக்குத் திரும்பலாம். அரை வோல்ட் உயரமுள்ள தொடக்க அலைக்கும் 15 வோல்ட் உயரமுள்ள பேரலைக்கும் நாம் வகுத்த 0.25 வோல்ட் கோடு ஒன்றேதான். அலையைச் சைன் என்று கொண்டால், சிறிய அலை தன் சுழற்சியில் 30 பாகை சென்ற பிறகே அக்கோட்டைத் தொடுகிறது. பெரிய அலை ஒரு பாகைக்குள் தொட்டுவிடுகிறது. ஒரு பல்லுக்குத் தண்டின் சுழற்சியில் 6 பாகை என்பதால், வித்தியாசம் தண்டின் கணக்கில் ஏறக்குறைய அரைப் பாகை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். குளிர்காலக் காலை வேளையில் பேட்டரி நலிந்து, ஸ்டார்ட்டர் 90 சுற்றுக்குமேல் சுழற்ற இயலாமல் போனால், அலையின் உயரம் 0.25 வோல்ட்டுக்கும் கீழே இறங்கி, சக்கரம் சுழன்றும் வெளியீடு அசையாமல், வண்டி கிளம்பாமலே நின்றுவிடுகிறது. கோட்டைத் தாழ்த்திவிடலாமே என்றால், 6,000 சுற்றில் சக்கரத்தின் சிறு கோணலும் தீப்பொறிச் சுருளின் அதிர்ச்சியும் சேர்ந்து உண்டாக்கும் இரைச்சல் அத்தாழ்ந்த கோட்டைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். நிலைத்து நிற்கும் எந்தக் கோடும் இரண்டு கோடிகளுக்கும் ஒத்துவருவதில்லை.

ஆகையால் கோட்டையே அலையோடு ஏறி இறங்கச் செய்வதென்று முடிவாயிற்று. இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த யுக்தி இதுதான். நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தார் இதற்கென்றே வெளியிட்ட எல்.எம். 1815 என்ற ஐ.சி., கடந்துபோன அலையின் உச்சியை ஒரு கெபாசிட்டரில் நினைவு வைத்துக்கொண்டு, அடுத்த அலை அந்த உச்சியில் 80 சதவீதத்தைத் தாண்டினால்தான் அதனை மெய்யான பல் என்று ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்ட மாத்திரத்தில் வெளியீட்டை மாற்றிவிடுவதும் இல்லை. அலை உச்சியிலிருந்து இறங்கிப் பூஜ்யத்தைக் கடக்கும் கணம்வரை காத்திருந்து அப்போதுதான் மாற்றுகிறது. பல்லின் நடு சுருளுக்கு நேரே வரும் கணம் அதுவேயாகும். அலை சிறிதானாலும் பெரிதானாலும் பூஜ்யம் பூஜ்யமே ஆகையால், முன்னே கண்ட அரைப் பாகைப் பிழையும் மறைந்துபோகிறது. கெபாசிட்டரின் நினைவு எவ்வளவு நேரம் நிலைக்க வேண்டும் என்பதில்தான் வடிவமைப்பாளரின் சிரமம் முழுவதும் திரள்கிறது. சீக்கிரம் மறந்தால், இரண்டு பற்கள் இல்லாத வெற்றிடத்தைக் கடப்பதற்குள் கோடு சரிந்து இரைச்சலுக்கு வழிவிடும். நெடுநேரம் மறவாதிருந்தால், எஞ்சினின் வேகம் திடீரென்று குறையும்போது கோடு உயரத்திலேயே நின்று மெய்யான பற்களையும் நிராகரித்துவிடும். கெபாசிட்டரோடு இணையாகக் கட்டும் ரெசிஸ்டரின் மதிப்பை, எஞ்சின் எவ்வளவு விரைவில் வேகம் இழக்கக்கூடும் என்பதைக் கணக்கிட்டே தேர்ந்தெடுக்கிறார்கள்.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்த பின்பும், சுருளின் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றி இணைத்துவிட்டால் எல்லாம் சற்றே பிசகிவிடுகிறது. பல் நெருங்கும்போது மேலேறவும் விலகும்போது கீழிறங்கவும் வேண்டிய அலை தலைகீழாகி, இறங்கு முகமாகப் பூஜ்யத்தைக் கடக்கும் இடம் பல்லின் நடுவிலிருந்து பள்ளத்தின் நடுவுக்குப் பெயர்ந்துபோகிறது. வேகத்தைக் காட்டும் முள்ளில் ஒரு குறையும் தெரியாது, ஏனென்றால் அலைகளின் எண்ணிக்கை மாறவில்லை. தீப்பொறி மட்டும் அரைப் பல் அளவுக்கு, அதாவது 3 பாகை, தவறிய இடத்தில் பறக்கும். வெற்றிடம் வரும் இடத்திலோ பள்ளம் நீண்டு, அலை பூஜ்யத்தையொட்டி வெகுநேரம் தவழ்ந்து செல்வதால், அந்த விளிம்பு ஒரு சுற்றுக்கு ஓரிடமாக அலைபாயும். ஆஸிலாஸ்கோப் ஒன்றைச் சுருளோடு இணைத்து, ஸ்டார்ட்டரைச் சில வினாடிகள் சுழலவிட்டு, வெற்றிடத்துக்கு முன்னும் பின்னும் அலை பூஜ்யத்தைச் செங்குத்தாகக் கடப்பது ஏறு முகத்திலா இறங்கு முகத்திலா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஏறு முகமாக இருந்தால் கம்பிகளை மாற்றிப் போட வேண்டியதுதான், சுற்றில் வேறெதையும் தொட வேண்டியதில்லை.